51 வயதில் பயிற்சியாளர் (இன்டர்ன்): கோவை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆறு மாதம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நூற்பாலைகளுக்கான உற்பத்தி, கணக்கு மென்பொருளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் அது. அறுபதுக்குச் சற்றுக் குறைவான ஊழியர்கள். பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். 2023 ஜூனில் இருவரைப் பயிற்சியாளர்களாக எடுத்தார்கள். ஒருவர் 51 வயது ஆண். ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்து, ஒரே மில்லில் 24 ஆண்டுகள் இருந்து, ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் எந்திரம்) பிரிவின் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். 2022 மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதற்குப் பிறகு பல மில்கள் தள்ளாடின. அவருடைய மில் ஒரு யூனிட்டை மூடியபோது வேலை போனது. மற்றவர் 43 வயதுப் பெண். தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்காளராக இருந்து, பிள்ளைகளுக்காகவும் மாமியாரின் உடல்நிலைக்காகவும் 11 ஆண்டுகள் வேலையை விட்டிருந்தவர். வீட்டிலிருந்தபடியே பைத்தான் கற்று, சிறு நிரல்களை எழுதி வைத்திருந்தார்.

நடுவயதினருக்குப் பயிற்சியாளர் இடம் தருவது புதிய யோசனை அல்ல. 2008-இல் டாடா குழுமம் இடைவெளி எடுத்த பெண்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸ் ஒன்றைத் தொடங்கியது. அவை பெரிய நிறுவனங்கள். தனி ஆளும் தனி நிதியும் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு குழுத் தலைவர், ஒரு மனிதவள அலுவலர், வழிகாட்டிகளாக இரண்டு இளைஞர்கள், அவ்வளவுதான். சிறு நிறுவனங்கள் பலவற்றின் நிலை இதுவே என்பதால் இந்த நிகழ்வைப் பதிவு செய்வதில் பயன் உண்டு.

ஒப்பந்தமும் பணமும்

முதலில் போட்ட திட்டம்: ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 12,000 ரூபாய் உதவித்தொகை, பி.எஃப். பிடித்தம் இல்லை. கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். பி.எஃப். ஆலோசகர் அதை நிறுத்தினார். 1961-ஆம் ஆண்டு தொழில்பழகுநர் சட்டப்படியோ, நிறுவனத்தின் நிலையாணைப்படியோ (அதிகாரப்பூர்வப் பணி விதிகள்) பதிவான பழகுநருக்குத்தான் அன்றைய பி.எஃப். சட்டத்தில் விலக்கு. வெறுமனே 'பயிற்சியாளர்' என்று கடிதத்தில் எழுதினால் விலக்கு கிடைக்காது. சட்டத்தின் பார்வையில் அவர் ஊழியர்தான். மத்திய அரசின் தேசியத் தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் உதவித்தொகைப் பங்கும் 35 வயதோடு நின்றுவிட்டது. ஆகவே அந்த வழியும் இருவருக்கும் மூடியிருந்தது.

எடுத்த முடிவு: ஆறு மாதக் குறித்தகால நியமனம், மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. பி.எஃப். 12 சதவீதமாக 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதமாக 150 ரூபாயும் போகக் கைக்கு 18,050 வரும். நிறுவனத்தின் பங்கு இதற்கு மேல்: இ.எஸ்.ஐ.க்கு மட்டும் 3.25 சதவீதம், 650 ரூபாய். நிர்வாகம் முதலில் தயங்கியது. ஆனால் ஐம்பது வயதில் சேர்பவருக்கு அந்த 650 ரூபாயின் மதிப்பு வேறு. சம்பளம் 21,000-க்குள் இருக்கும்வரை குடும்பத்துக்கே மருத்துவக் காப்பு கிடைக்கிறது. மில்லிலிருந்து வந்தவரின் மனைவி மாதந்தோறும் மருந்து வாங்குபவர். இந்தக் காப்பு இல்லையென்றால் அவர் சேர்ந்திருக்கவே மாட்டார்.

சேரும் முன் மனிதவள அலுவலர் அவருடன் உட்கார்ந்து குடும்பக் கணக்கையும் போட்டார். மில்லில் கைக்கு வந்தது 34,000. இனி 18,050. மாதம் 15,950 குறைகிறது. ஆறு மாதத்துக்கு 95,700. மில் கொடுத்த பணிக்கொடை, கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 24 ஆண்டுகளால் பெருக்கியபோது 3,60,000. அதில் ஒரு லட்சத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். பழைய பி.எஃப். கணக்கை முடித்துப் பணம் எடுக்கும் எண்ணத்தையும் கைவிட்டு, அதே யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் நிலையான கணக்கு எண்) எண்ணிலேயே தொடர்ந்தார். மாதக் கடைசியில் கையைப் பிசையும் நிலை வராததால்தான் அவரால் பாடத்தில் மனம் வைக்க முடிந்தது. பணக் கணக்கைப் பேசாமல் இந்த வயதினரைச் சேர்ப்பது பொறுப்பற்ற செயல்.

முதல் மாதம்: கண்டவை

கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கான இரண்டு வாரப் பாடத்திட்டத்தையே இருவருக்கும் கொடுத்தார்கள்: காணொளிகள், கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி), டிக்கெட் (பிழை, வேலைப் பதிவு) எழுதும் முறை, எஸ்.க்யூ.எல். (தரவுத்தளக் கட்டளை மொழி) அடிப்படை. கணக்காளர் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். மில்லிலிருந்து வந்தவர் நான்காம் நாளே பின்தங்கினார். வழிகாட்டியின் குறிப்பு, 'கற்கும் வேகம் குறைவு' என்றது. அது தவறான கணிப்பு. காரணங்கள் வேறு இடத்தில் இருந்தன.

முதலாவது கண்ணாடி. அவருடையது பைஃபோகல். கிட்டப் பார்வைக்கான பகுதி அடியில் இருப்பதால், திரையைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. மதியத்துக்குள் கழுத்து வலி, மாலைக்குள் தலைவலி. அவரோ அதை வயதின் மேல் போட்டுவிட்டு வாய் திறக்கவில்லை. கண் மருத்துவரிடம் திரையின் தூரத்தை அளந்து சொல்லி (அவர் மேசையில் 65 சென்டிமீட்டர்), அந்தத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பார்வைக் கண்ணாடி வாங்கினார். மானிட்டரைத் தாங்கியிலிருந்து இறக்கி மேசை மேலேயே வைத்தார்கள். எழுத்தளவு 11-லிருந்து 16 ஆனது. அடுத்த வாரம் அவர் டிக்கெட்டுகளைப் படிக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

இரண்டாவது, கூப்பிடும் முறை. 26 வயது வழிகாட்டி அவரை 'சார்' என்றார். அவர் வழிகாட்டியைத் 'தம்பி' என்றார். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் திருத்தம் நடக்கவில்லை. சாரின் வேலையில் பிழை சொல்ல வழிகாட்டிக்குக் கூச்சம். தம்பியிடம் மறுபடி கேட்க அவருக்குக் கூச்சம். 'சரிங்க தம்பி' என்று தலையாட்டிவிட்டு, புரியாததை நோட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனார். எல்லாரும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போடலாம் என ஒருவர் யோசனை சொன்னார். குழுத் தலைவர் மறுத்துவிட்டார். நாக்குக்கு வராத பழக்கத்தைத் திணித்தால் பேச்சே குறையும் என்பது அவர் வாதம். பதிலாக இரண்டு மாற்றங்கள் செய்தார். பிழைகளை வாயால் சொல்லாமல் டிக்கெட்டின் கீழ் எழுத்தில் பதிய வேண்டும். எதையும் விளக்கி முடித்ததும், 'புரிஞ்சுதா?' என்று கேட்பதற்குப் பதில், 'நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்கண்ணா' என்று சொல்ல வேண்டும். 'சார்' 'அண்ணா' ஆனது தானாக நடந்தது.

மூன்றாவது சற்றுத் தீவிரமானது. மூன்றாம் வாரம் சோதனைத் தரவுத்தளத்தில் ஒரு மில்லின் எந்திரப் பட்டியலைத் திருத்தும்போது, எவற்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை வரி இல்லாமல் அப்டேட் கட்டளையை ஓட்டிவிட்டார். எல்லா எந்திரங்களும் ஒரே கவுண்ட் (நூலின் மென்மையைச் சொல்லும் எண்) ஆகிவிட்டன. காலை பதினொரு மணிக்கு நடந்ததை மாலை ஐந்து மணிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியாகக் கையால் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் வேறு இரண்டு சோதகர்கள் அந்தத் தரவை நம்பி வேலை செய்து வீணாக்கியிருந்தார்கள்.

விசாரித்தபோது அவர் சொன்ன காரணம் எளிமையானது: மில்லில் பிழை என்றால் மெமோ, மூன்று மெமோ என்றால் விசாரணை. 24 ஆண்டுப் பழக்கம் மூன்று வாரத்தில் போய்விடாது. சோதனைத் தரவுத்தளம் ஒவ்வொரு இரவும் பழைய நிலைக்குத் திரும்புவதையோ, ஒரே கட்டளையில் பத்து நிமிடத்தில் மீட்டுவிடலாம் என்பதையோ அவரிடம் யாரும் சொல்லவில்லை. இளையவர்கள் அதைச் சக ஊழியரிடம் தேநீர் நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். அவர் தேநீர் நேரத்தில் தனியாக இருந்தார்.

அன்று முதல் குழு முழுவதற்கும் ஒரு முறை வகுத்தார்கள். மாற்றவேண்டிய வரிகளை அதே நிபந்தனையுடன் முதலில் செலக்ட் போட்டு எண்ணுவது, பிகின் கொடுப்பது, பிறகு அப்டேட், போஸ்ட்கிரஸ் (தரவுத்தள மென்பொருள்) திருப்பிச் சொல்லும் எண்ணிக்கை முதலில் எண்ணியதோடு பொருந்தினால் மட்டும் கமிட் (மாற்றத்தை நிலைநிறுத்துவது), பொருந்தாவிட்டால் ரோல்பேக் (பழையபடி திருப்புவது). அவர் இதைச் சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். மில்லில் எந்திரத்தைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பலகை மாட்டும் ஒழுங்கு அவருக்குக் கைவந்த ஒன்று. ஆகவே இந்த வரிசையை அவர் ஒருநாளும் தாண்டவில்லை, தாண்டியவர்கள் இளையவர்கள்தான்.

ஷிப்ட் பிரச்சினை

ஜூலை நடுவில் மில்லிலிருந்து வந்தவரைப் பாடத்திலிருந்து எடுத்து, உற்பத்தி அறிக்கைகளைச் சோதிக்க வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே மூடப்பட்ட டிக்கெட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சில மில்களில் ரிங் ஃபிரேம் செயல்திறன் 100.9 சதவீதம் என்று வருகிறது, நூற்றைத் தாண்டக்கூடாது, ஆகவே நூறுக்கு மேல் வந்தால் நூறு என்றே காட்டும்படி திருத்தியாயிற்று. இதுதான் அந்த டிக்கெட். அவர் அதைத் திரும்பத் திறக்கச் சொன்னார்.

கணக்கு இப்படி. ஒரு ஸ்பிண்டில் (நூற்கும் கதிர்) எட்டு மணி நேரத்தில் தரவேண்டிய நூல், கிராமில்: 7.2-ஐ ஸ்பிண்டில் வேகத்தால் (நிமிடச் சுற்றுகள்) பெருக்கி, கவுண்டையும் அங்குலத்துக்கான முறுக்கையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 40-ஆம் கவுண்ட், வேகம் 18,000, முறுக்கு 26.56 என்றால் சுமார் 122 கிராம். 1,104 ஸ்பிண்டில் உள்ள ஒரு ஃபிரேமுக்கு 134.7 கிலோ. இந்த 7.2 என்ற எண்ணுக்குள்ளேயே எட்டு மணி நேரம் அடங்கியிருக்கிறது. மென்பொருள் எல்லா ஷிப்டுக்கும் இதையே இலக்காக வைத்திருந்தது.

ஆனால் கோவை வட்டாரத்தின் பல மில்களில் மூன்று ஷிப்டும் ஒரே நீளம் அல்ல. பகல் ஷிப்ட் காலை 8 முதல் மாலை 4.30 வரை, அரை நைட் 4.30 முதல் இரவு 1 வரை. முழு நைட் 1 முதல் காலை 8 வரை. எட்டரை, எட்டரை, ஏழு. உண்மையில் 95 சதவீதத்தில் சீராக ஓடும் ஃபிரேம் பகலில் 135.9 கிலோ தரும். எட்டு மணி நேர இலக்கோடு ஒப்பிட்டால் 100.9 சதவீதம். முழு நைட்டில் அதே ஃபிரேம் 111.9 கிலோ, 83.1 சதவீதம். மூன்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சரியாக 95 வரும். நாள் அறிக்கை பொருந்தியதால்தான் பிழை இத்தனை காலம் ஒளிந்திருந்தது. நூறுக்கு மேல் வெட்டியதும் சராசரி 94.4 ஆகி, சரியாக இருந்த ஒரே எண்ணும் கெட்டது.

இதில் எண்ணை விடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் எடுத்துச் சொன்னார். அந்த 83-ஐ வைத்துக்கொண்டு காலைக் கூட்டத்தில் முழு நைட் மேஸ்திரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஒரு வாடிக்கையாளர் மில்லில் அது நடந்துகொண்டிருந்ததை நேரில் போய் உறுதி செய்தார்கள்.

அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வெளிப்பட்டது. முழு நைட் உற்பத்தியை முந்தைய நாளில் சேர்க்கும் விதி மென்பொருளில் இருந்தது. அரை நைட்டும் நள்ளிரவைத் தாண்டி ஒரு மணிவரை ஓடுகிறது என்பதை அதை எழுதியவர் யோசிக்கவில்லை. 12.40-க்கு இறக்கும் டாஃப் (நிறைந்த நூல் உருளைகளின் தொகுதி) அடுத்த தேதியில் விழுந்தது. 50 கிராம் காப் (நூல் உருளை) நிறைய ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அந்த நூலில் பெரும்பகுதி நள்ளிரவுக்கு முன் நூற்றது. ஃபிரேம் ஒன்றுக்கு 55 கிலோ. தினமும் ஏறத்தாழ அதே அளவு நகர்வதால் சாதாரண நாட்களில் தெரியாது. கவுண்ட் மாற்றும் நாளிலும் மாதக் கடைசியிலும்தான் இருப்பு இடிக்கும். மில் கணக்கர்கள் அதைக் 'கழிவு வித்தியாசம்' என்று எழுதிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் சிறியது. ஷிப்டின் தொடக்கம், முடிவு, நீளம் மூன்றையும் மில் வாரியாகத் தனி அட்டவணையில் வைத்தார்கள். பதிவு நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்தால் வரும் தேதியை மில் நாளாக எடுத்தார்கள். நூறு சதவீத வெட்டை நீக்கி, நூறைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும் காட்டினார்கள். பழைய மாதங்களை என்ன செய்வது என்பதில்தான் விவாதம் நீண்டது. மேம்பாட்டாளர்கள் எல்லாவற்றையும் மறுகணக்கிட விரும்பினர். மில்லிலிருந்து வந்தவர் எதிர்த்தார்: மூடிய மாதத்தின் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்தாகி, வங்கிக்கு இருப்பு அறிக்கையும் போயிருக்கும், மென்பொருள் தானாக எண்ணை மாற்றினால் மில்காரர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார். அவர் சொன்னதையே ஏற்று, மூடிய மாதங்களைத் தொடாமல், மில் கேட்டால் மட்டும் ஒப்பீட்டு அறிக்கை தரும்படி அமைத்தார்கள்.

கணக்காளருக்கு நடந்தது

அவருடைய முதல் ஆறு வாரம் எல்லா வகையிலும் சிறப்பாக இருந்தது. மில்லிலிருந்து வந்த தரவுக் கோப்புகளைச் சரிபார்க்கும் பைத்தான் நிரல் ஒன்றை அவர் எழுதி, அது அன்றாடப் பயன்பாட்டுக்கும் வந்தது. நேர்காணலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்: கணக்கு வேலைக்குத் திரும்ப விருப்பம் இல்லை, நிரல் எழுதத்தான் வருகிறேன்.

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் ஜி.எஸ்.டி. மின் விலைப்பட்டியல் கட்டாயமானது. அதுவரை வரம்பு 10 கோடி. புதிதாக வரம்புக்குள் வந்த சிறு வாடிக்கையாளர்கள் காலை முதல் இரவு வரை அழைத்தார்கள்: பதிவு எண் வரவில்லை, எச்.எஸ்.என். (சரக்கு வகை) குறியீடு தவறு, வாங்குபவரின் பின்கோடு மாநிலத்தோடு பொருந்தவில்லை. வரிக் கணக்கில் பழக்கம் உள்ளவர் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். 'இரண்டு வாரம் மட்டும்' என்று ஆதரவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர் பிரமாதமாகச் சமாளித்தார். அதனாலேயே திரும்ப விடவில்லை. செப்டம்பரிலும் அவர் அங்கேயே இருந்தார். நிரல் வேலைக்கான வாராந்திரக் கூட்டம் மாலை 6.30-க்கு நடந்தது, வீட்டுக் கடமைகளால் அவரால் 5.30-க்கு மேல் தங்க முடியாது. கூட்டத்தில் இல்லாதவர் கண்ணில் படாதவர் ஆனார். இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, செப்டம்பர் இறுதியில் விலகினார்.

இது ஆளின் தோல்வி அல்ல, அமைப்பின் தோல்வி. ஒருவருக்குப் பழைய அனுபவம் வாசலைத் திறந்தது. மற்றவருக்கு அதே அனுபவம் வாசலை அடைத்தது. வித்தியாசம் திறமையில் இல்லை. அவர் மில் அறிவைக் கொண்டுவர விரும்பி வந்தார். இவர் கணக்கை விட்டுவிட விரும்பி வந்தார். இருவரிடமும் கேட்டிருந்தும், ஒருவரின் பதிலை மட்டும் நிறுவனம் நினைவில் வைத்தது.

விளைவு

நவம்பர் இறுதியில் மில்லிலிருந்து வந்தவரைத் துறை ஆய்வாளராக 32,000 ரூபாய்ச் சம்பளத்தில் நிரந்தரமாக்கினார்கள். பங்களிப்புக் காலத்தின் (இங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை) நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் இ.எஸ்.ஐ. அந்தக் காலத்தின் முடிவுவரை தொடரும். ஆகவே 2024 மார்ச் 31 வரை பங்களிப்பும் காப்பும் தொடர்ந்தன. ஏப்ரல் முதல் குழு மருத்துவக் காப்பீட்டில் அவரும் மனைவியும் சேர்ந்தார்கள். நிரல் அவர் எழுதுவதில்லை, எழுத விரும்பவும் இல்லை. எஸ்.க்யூ.எல்.-இல் சொந்தமாக அறிக்கை எடுக்கிறார். தட்டச்சு வேகம் இன்னும் குறைவுதான்; யாரும் இப்போது அதைப் பொருட்படுத்துவதில்லை.

கணக்காளர் விலகிய பின், ஜி.எஸ்.டி. ஆதரவு வேலையை மூன்று பேர் பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது. அவர் எழுதிய சரிபார்ப்பு நிரல் இன்றும் ஓடுகிறது. அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் இரண்டு முறை முடங்கியது.

அடுத்த முறை மாற்றுவது

நியமனக் கடிதத்திலேயே இரண்டு வரிகள் எழுதப்படும்: இந்தப் பயிற்சி எந்த வேலைக்கானது, அதிலிருந்து எடுத்து வேறு வேலை கொடுத்தால் எத்தனை நாளுக்குள் திரும்ப அனுப்ப வேண்டும். பத்து வேலை நாள் என்று வைத்திருக்கிறார்கள். நெருக்கடி வந்தாலும் அதை நீட்டப் பயிற்சியாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

வாராந்திரக் கூட்டம் மதியம் 3 மணிக்கு மாறிவிட்டது. அதனால் பயன்பெறுவோர் பயிற்சியாளர்கள் மட்டும் அல்ல. குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் இளைய தந்தையர் இருவரும் முதல் முறையாக முழுக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

முதல் நாளே கண்ணாடி, மானிட்டர் உயரம், எழுத்தளவு பார்த்துவிட வேண்டும். திரைக்கான கண்ணாடிச் செலவில் 2,000 ரூபாய் வரை நிறுவனம் ஏற்கும். சோதனைத் தரவுத்தளத்தை வேண்டுமென்றே கெடுத்து, பிறகு மீட்கும் பயிற்சி முதல் வாரத்தில், வழிகாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நடக்கும். அதைச் செய்தவர் அடுத்த பிழையை ஆறு மணி நேரம் மறைக்கமாட்டார். துறை அறிவு உள்ளவரை இரண்டு வாரக் காணொளிக்குப் பின்னால் காத்திருக்க வைக்காமல், மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் மூடப்பட்ட டிக்கெட்டுகளைப் படிக்கக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் பிழை அப்படி ஒரு மூடிய டிக்கெட்டில்தான் கிடந்தது.

கணக்காளரைத் திரும்ப அழைப்பது பற்றி 2024 தொடக்கத்தில் பேசினார்கள். நிரல் வேலைக்கு மட்டும், மாலை 5.30-க்கு முடியும் நேரத்தில் என்ற நிபந்தனையோடு கடிதம் போனது. அதற்குள் அவர் வேறொரு நிறுவனத்தில் பைத்தான் மேம்பாட்டாளராகச் சேர்ந்திருந்தார்.